வாசலில் நின்ற மோட்டார்

பயணிகள் தங்கும் பெரிய விடுதி ஒன்றின் சலவையறையில் இஸ்திரி போடும் அம்மா ஒருத்திக்குப் படிப்பில் கெட்டிக்காரியான மகள் வாய்த்தாள். நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். அவள் படித்த பள்ளியில் இலக்கியத் துறை என்று ஒன்று இல்லாமலிருந்தால் இன்னும் நல்லதாகப் போயிருக்கும்.

மற்ற பள்ளிகளில் இலக்கியம் ஒரு பாடம். இங்கே அதற்குத் தனி மாடி, தனிப் படிக்கட்டு, படிக்கட்டின் அடியில் ‘இங்கிருந்து செருப்பையும் முன்முடிவுகளையும் கழற்றவும்’ என்று ஒரு பலகை. அந்த மாடியில்தான் கடைசி இரண்டு வருடத்துக்கு உயர்நிலை இலக்கிய வகுப்பு நடந்தது. அதில் இடம் பிடித்த பிள்ளைகளைப் பெரிய கல்லூரி கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துக்கொள்ளும், உதவித்தொகையும் கொடுக்கும். இடம் பிடிக்காத பிள்ளைகளும் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. விடுதியின் சலவையறையில் எப்போதும் ஆள் தேவைப்பட்டது.

அம்மாவுக்கு இதில் இரண்டு யோசனையே கிடையாது. “அந்த ஆவியில என் மூஞ்சி வெந்தது போதும். நீ அங்க கால் வைக்கக் கூடாது” என்று மகளிடம் சொல்லிவிட்டாள். அப்பா பேருந்து ஓட்டுநர். வீட்டில் அம்மா சொல்வதுதான் அவருக்கும் அபிப்பிராயம்.

மகளுக்குப் பயமே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து வாசிக்கிறவள் அவள். விடுதி வேலை முடிந்து வந்தபின் அக்கம்பக்கத்துத் துணிகளுக்கு அம்மா வீட்டில் இஸ்திரி போடுவாள். மகள் எதிரே தரையில் உட்கார்ந்து கதை படித்துக் காட்டுவாள். அம்மாவுக்கும் வாசிக்கத் தெரியும்தான், ஆனால் எழுத்தெழுத்தாக. வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அதனால் அவளுக்குக் காதுதான் புத்தகம். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை மடிப்பு என்று கை தன்பாட்டில் போகும். மனசு கதையோடு போகும். கதையில் யாராவது செத்துப்போனால் அன்றைக்கு யாராவது ஒருவருடைய சட்டை தீயும். அக்கம்பக்கத்தில் இதெல்லாம் தெரிந்தும் துணி கொடுத்தார்கள். மகள் படிக்கிற அழகைக் கேட்பதற்காகவே துணி வாங்க வந்தவர்கள் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்கள்.

விடுமுறை தொடங்குமுன் பெற்றோரைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். உயர்நிலை வகுப்புக்கு நேர்காணல் உண்டு, நேர்காணலுக்கு விடுமுறையில் ஆயத்த முகாம் உண்டு, அந்த ஆயத்தத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது எப்படி என்பதற்குத்தான் கூட்டம். ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு அம்மையார் மேடைக்கு வந்தார். பிள்ளைகள் அவருக்கு ஆயத்த மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

“உங்க பிள்ளைங்களுக்குக் கதை படிக்கறதுன்னா ரொம்பப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்” என்றார் ஆயத்த மேடம் கனிவாக. “கவலையே படாதீங்க. அதைச் சரி பண்ணத்தான் நாங்க இருக்கோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டுகிறாரே என்று அம்மாவும் தட்டினாள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாவலும் வண்ணப் பென்சில்களும் கொடுத்தார்கள். சோகம் வருகிற இடத்தில் நீலக்கோடு. குறியீடு வருகிற இடத்தில் சிவப்பு. சொல்வது ஒன்று பொருள் ஒன்று என்றால் பச்சை. ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் கறுப்பு, ஏனென்றால் அங்கேதான் மிக ஆழமான ஏதோ இருக்கிறது. கோடு இல்லாத வரி, வாசிக்காத வரி. கடைசியில் பெற்றோர் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள்: “என் பிள்ளையை வெறுமனே வாசிக்க விடமாட்டேன். அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்கமாட்டேன். கேட்பவர்களை வீட்டில் ஊக்குவிக்கமாட்டேன்.” மகளின் படிப்பாயிற்றே என்று அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். சொன்னது என்னவென்று வீட்டுக்கு வருகிற வழியில்தான் யோசித்தாள். யோசித்து, அது மற்ற அம்மாக்களுக்காக வைத்ததாயிருக்கும் என்று முடிவு செய்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே நாவலைத் தொடங்கிவிட்டார்கள். நல்ல நாவல். படகோட்டி ஒருவனுக்கு இரண்டு மகள்கள். இருவருக்கும் ஏதோ மனக்கசப்பு, வருடக்கணக்காகப் பேச்சு இல்லை. ஒருநாள் தங்கையின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது. புயல் அடிக்கிறது. எந்தப் படகும் போகாது. அக்கா ஒரு வார்த்தை பேசாமல் துடுப்பை எடுத்துக்கொண்டு அக்கரையில் இருக்கும் வைத்தியரைக் கூப்பிடப் போகிறாள். பொழுது போகிறது. துடுப்பு மட்டும் கரைக்கு வந்து ஒதுங்குகிறது. தங்கை அழுகிறாள். அம்மாவும் அழுதாள். இரண்டு சட்டை தீய்ந்தது.

சில நாளில் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டார்கள். மகள் குரலைத் தாழ்த்திப் படித்தாள்: “யாரோ கதவைத் தட்டினார்கள். தங்கை விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். தாழ்ப்பாளை இழுத்தாள். கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது…”

“நிறுத்தாதடி!” இஸ்திரிப்பெட்டி அம்மாவின் கையில் அந்தரத்தில் நின்றது.

மகள் பக்கத்தைத் திருப்பினாள். “மோட்டாரின் மூடியைக் கழற்றும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும்.”

“என்னது?”

“‘மூடியைக் கழற்றிய பின் ரப்பர் வாஷரைச் சோதிக்கவும். வாஷரைத் தலைகீழாகப் பொருத்தக் கூடாது.’ அம்மா, இப்படித்தான் போட்டிருக்கு.”

“அந்தப் புயல்ல மோட்டாரை யாருடி தூக்கிட்டு வந்தது?”

அவ்வளவுதான். மகள் சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். வேலை முடிந்து வந்த அப்பா, என்ன ஆச்சு என்று கேட்டார். “வாசல்ல மோட்டார் வந்து நிக்குது” என்றாள் மகள். அவர் திரும்பி வாசலைப் பார்க்க, இன்னொரு முறை சிரித்தார்கள். தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் விளக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து, நாவலின் கடைசி அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டிருந்தது அச்சகம். கடைசி வரி, ‘பழுது நீடித்தால் விற்பனையாளரை அணுகவும்’ என்று முடிந்தது.

சிரித்து ஓய்ந்ததும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. “சரி, விளையாட்டு போதும். அவ வந்தாளா, இல்லையா?”

“தெரியலம்மா. நாளைக்கு ஸ்கூல்ல வேற புக் வாங்கிட்டு வர்றேன்.”

மறுநாள் ஆயத்த முகாமிலிருந்து மகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். பள்ளியில் இருந்த எல்லாப் பிரதிகளும் அப்படித்தானாம். போன வருடம் படித்தவர்கள், அதற்கு முன் படித்தவர்கள், எல்லாரும் அதைத்தான் படித்தார்களாம். பக்கம் மாறிவிட்டது என்று இவள் சொன்னதும் வகுப்பே திரும்பி இவளைப் பார்த்ததாம். ஆயத்த மேடம் இவளைத் தனியாக நிற்க வைத்து, முதல் வாசிப்பில் எல்லாருக்கும் இந்தக் கோளாறு வரும், போகப்போகச் சரியாகும் என்றாராம்.

“நீ சிரிச்சதைச் சொன்னியா?”

“சொல்லலம்மா. சிரிச்சா மார்க் குறைப்பாங்க. இன்னைக்கே ஒருத்தனுக்குக் குறைச்சாங்க. படகோட்டி வழுக்கி விழற இடத்துல அவன் அனுமதி இல்லாம சிரிச்சுட்டான்.”

அடுத்த வாரம் ஆயத்த மேடம் வீட்டுக்கே வந்துவிட்டார். பிள்ளைகளின் வாசிப்புச் சூழலைப் பார்வையிடுவது முகாமின் ஒரு பகுதி. மற்ற வீடுகளில் நாற்காலியின் உயரம், ஜன்னலின் திசை, புத்தக அலமாரியின் மேலிருக்கும் தூசி இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இங்கே அவர் நுழைந்தபோது மகள் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு காற்சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க என்ன நடக்குது?” என்றார் ஆயத்த மேடம்.

“வாங்க மேடம், வாங்க. கதைதான் படிக்கறோம். மறுபடியும் மொதல்லேர்ந்து. முடிவு வேற எங்கயாவது ஒளிஞ்சு கிடக்கான்னு பாக்கறோம்.”

ஆயத்த மேடம் மெதுவாக உட்கார்ந்தார். “ஒருத்தி படிக்கறா, இன்னொருத்தர் கேக்கறீங்க. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? பொழுதுபோக்கு.”

“இல்ல மேடம், நான் வேலைதானே செஞ்சுட்டிருக்கேன்.”

“நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்தக் குழந்தைக்கு ஏன் காய்ச்சல்?”

“ஈரக்காத்து பட்டிருக்கும் மேடம். பச்சைக் குழந்தைதானே.”

ஆயத்த மேடத்தின் முகத்தில் நிஜமான இரக்கம் வந்தது. “ஐயோ பாவம். உண்மையிலேயே காய்ச்சல்னு நினைச்சுட்டிருக்கீங்க.”

“அப்ப காய்ச்சல் இல்லையா?” அம்மாவுக்குப் பாதிப் பயம், பாதி நிம்மதி. “நல்லா இருக்கா குழந்தை?”

“குழந்தையும் இல்லைங்க.”

அதற்குமேல் அவர் அம்மாவிடம் பேசவில்லை. மகளிடம் சொன்னார். வீட்டில் இடையூறு இருக்கிறது. அது வயது வந்த இடையூறாக வேறு இருக்கிறது. இனி உரக்கப் படிக்கக் கூடாது. தனி அறை, சாத்திய கதவு, மூடிய வாய். இல்லாவிட்டால் நேர்காணலுக்குப் பேர் போகாது.

“அம்மா கேட்டாத்தான் மேடம் எனக்குப் படிக்கவே வரும்” என்றாள் மகள்.

“தெரியும்மா. அதனாலதான் சொல்றேன்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்ன செய்வாள்? சலவையறையின் ஆவி அவள் கண்முன் வந்தது. “மேடம் சொல்றபடி கேளு கண்ணு” என்று சொல்லி, மகளை உள்ளே அனுப்பி, கதவைத் தானே சாத்தினாள். அன்று தேய்த்த துணியெல்லாம் ஒரு சுருக்கம் இல்லாமல், ஒரு தீய்ச்சல் இல்லாமல் இருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

ஆனாலும் கேள்வி அவளை விடவில்லை. விடுதியில் படுக்கை விரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் அந்த அக்காவை அவள் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டேயிருந்தாள். ஒருநாள் பலகை ஒன்றைப் பிடிக்க வைத்துக் கரை சேர்த்தாள். ஒருநாள் வைத்தியரோடு கொண்டுவந்து சேர்த்தாள். இன்னொருநாள் வைத்தியர் வர மாட்டேன் என்றுவிட, அவள் மட்டும் திரும்பி வந்தாள். எதிலும் மனசு ஆறவில்லை. எழுதினவன் என்னதான் எழுதினான் என்று தெரிய வேண்டும். பார்க்கிறவர்களையெல்லாம் அந்தப் புத்தகம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கடைசியில் அரைநாள் விடுப்பு எடுத்து, துறைத்தலைவரையே பார்க்கப் போனாள். மகளிடம் சொல்லவில்லை.

துறைத்தலைவர் கெட்ட மனிதர் இல்லை. அம்மாவை உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு ரப்பர் வாஷரின் படம், சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

“சார், ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். அந்த அக்கா திரும்பி வந்தாங்களா?”

அவர் கண்களை மூடித் திறந்தார். “எத்தனையோ வருஷமா இந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதில்லைங்க.”

“கோவிச்சுக்காதீங்க சார். அந்தக் கடைசிப் பக்கமெல்லாம் மோட்டார் ரிப்பேர் புஸ்தகம் சார்.”

“ஆமா.”

அம்மா திகைத்தாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? முதல்ல பாக்கும்போது எல்லாருக்கும் அது மோட்டார் புத்தகமாத்தான் தெரியும். வாசல்ல நிக்கற காவலாளிக்குக்கூடத் தெரியும். அப்படித் தெரியாம இருக்கறதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஆகுது. அதுக்குப் பேர்தான் உயர்நிலை வகுப்பு.” அவர் முன்னால் சாய்ந்தார். “என் முனைவர் பட்டமே அந்த வாஷர்லதான். வாஷரைத் தலைகீழாப் பொருத்தக் கூடாதுங்கற ஒரு வரியை வெச்சு அறுநூறு பக்கம். எங்க ஒருங்கிணைப்பாளர் மின் இணைப்பைத் துண்டிக்கறதுல பண்ணியிருக்காங்க. அந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, ‘விற்பனையாளரை அணுகவும்’. அந்த விற்பனையாளர் கடவுளா, காலமாங்கறதுல துறையே ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. போன வருஷம் கைகலப்பு.”

“எழுதினவரு ஏதோ ஒண்ணு எழுதியிருப்பாரே சார், அந்த இடத்துல.”

“எழுதியிருப்பார். பதிப்பகத்துலேர்ந்து ஒருதடவை போன் பண்ணினாங்க. தப்பு நடந்துடுச்சு, எல்லாப் பிரதியையும் மாத்தித் தர்றோம்னாங்க.” அவர் சிரித்தார். “வேண்டாம்னுட்டோம். பாடத்திட்டம் அதுக்குள்ள அச்சாயிடுச்சுங்க.”

அம்மா சுவரில் இருந்த வாஷரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறியது.

“நீங்களே சொல்லுங்க” என்றார் துறைத்தலைவர். அவர் குரல் தாழ்ந்திருந்தது. “இப்ப அந்தக் கதவைத் திறந்தா அங்க ஒரு பொண்ணு நிக்குதுன்னு வெச்சுக்குவோம். நனைஞ்சு போயி, நடுங்கிட்டு. அவளை வெச்சு நாங்க என்னங்க பண்றது? ரெண்டு அக்கா தங்கச்சி கட்டிப் பிடிச்சு அழறதுல பரீட்சைக்கு என்ன கேள்வி எடுக்கறது?”

அம்மா எழுந்துகொண்டாள். அவர் படிக்கட்டு வரை வந்து வழியனுப்பினார். மகள் கெட்டிக்காரி, சிரிப்பு மட்டும் கொஞ்சம் கட்டுப்பட வேண்டும் என்று சொன்னார்.

சிரிப்பு கட்டுப்பட்டது. அது எப்படிக் கட்டுப்பட்டது, எந்த நாளில் என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் பென்சில் உரசும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முகாமில் பிள்ளைகளை மௌனமாக உட்கார வைத்து ஒரு உண்மையான மோட்டாரைப் பார்க்க வைத்தார்களாம். அது ஓடவில்லை, ஓடினால் கவனம் சிதறும். ஒருநாள் பூராவும் ஒரு நிறுத்தற்குறியைப் பற்றி வருத்தப்பட்டார்களாம். முதலில் இதையெல்லாம் மகள் சாப்பிடும்போது நடித்துக் காட்டுவாள். மேடம் வருத்தப்படுவது எப்படி, தலைவர் வாஷரைக் கையில் ஏந்துவது எப்படி என்று. அம்மா சிரிப்பாள். பிறகு நடித்துக் காட்டுவது நின்றது. பிறகு ஒருநாள் அம்மா மேடம் மாதிரி முகத்தை வைத்து, “குழந்தையும் இல்லைங்க” என்று சொல்லிக் காட்டியபோது மகள் சிரிக்கவில்லை.

“அதுல ஒரு பாயின்ட் இருக்கும்மா” என்றாள்.

நேர்காணல் நாள் வந்தது. அப்பா பேருந்தை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்து வெளியே நின்றார். உள்ளே மகளோடு அம்மாவையும் கூப்பிட்டார்கள். துறைத்தலைவர், ஆயத்த மேடம், வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர், மூவரும் நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நிபுணர் இதே வகுப்பில் படித்து, இதே மோட்டாரால் பெரிய ஆளானவர்.

“வாசலில் நின்ற மோட்டாரின் மனநிலையை விளக்கு” என்றார் நிபுணர்.

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அது காத்திருக்கு சார். ஆனா தண்ணிக்காக இல்ல. மின் இணைப்பைத் துண்டிச்சுட்டாங்க, ஆனாலும் சுத்தின ஞாபகம் அதுக்குள்ள இருக்கு. தங்கை கதவைத் திறக்கும்போது அவ பாக்கறது அவளையேதான் சார். அவளும் அப்படித்தானே நிக்கறா, இணைப்பு இல்லாம.”

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். “வாஷர்?”

“வாஷரைத் தலைகீழாப் பொருத்தக் கூடாதுன்னு சொல்றாங்க. அப்படின்னா, எப்பவோ யாரோ ஒருத்தி அதைத் தலைகீழாப் பொருத்தியிருக்கா. அவளைப் பத்திக் கதையில ஒரு வார்த்தைகூட இல்ல சார். அந்த மௌனம்தான் நாவல்.”

துறைத்தலைவரின் கண் கலங்கிவிட்டது. அறுநூறு பக்கத்தில் அவருக்குத் தோன்றாத விஷயம். ஆயத்த மேடம் எழுந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அம்மாவுக்கு மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது. சொல்வது என்னவோ அழகாகத்தான் இருந்தது. சொல்கிறவள் முகத்தில்தான் எதுவும் இல்லை.

“இடம் கொடுத்த மாதிரிதான்” என்றார் ஆயத்த மேடம். “இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி. வீட்டு இடையூறு நீங்கிடுச்சான்னு பாக்கணும்.” அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. அந்த அக்கா திரும்பி வந்தாங்களா?”

அம்மா மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர்களின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இத்தனை நாளும் ஒருத்தியைத் தண்ணீரிலிருந்து இழுத்து இழுத்துக் கரையில் போட்டவள் அம்மா. இன்றைக்கு அந்த ஒருத்தியைக் கைவிட வேண்டிய நேரம் வந்தது.

“இல்லீங்க” என்றாள். “வாசல்ல மோட்டார்தான் நின்னுச்சு.”

“வேற யாரும்?”

“யாரும் இல்லீங்க.”

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. ஆயத்த மேடம் அதைப் பார்த்து மனம் நெகிழ்ந்து, இந்த நாவலின் முடிவை இவ்வளவு ஆழமாக உணர்ந்த பெற்றோரைத் துறை இதுவரை கண்டதில்லை என்று மற்ற இருவரிடமும் சொன்னார்.

இடம் கிடைத்தது. அப்பா ஒரு வாரத்துக்குப் பேருந்தில் ஏறியவர்களிடமெல்லாம் சொன்னார். இறங்கியவர்களிடம் இன்னொரு முறை சொன்னார். அம்மா எல்லாருடைய வாழ்த்தையும் வாங்கிக்கொண்டாள். சலவையறையில், உன் மகளுக்கு இனிமேல் இந்த ஆவி கிடையாது என்று எல்லாரும் சொன்னபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

வகுப்புகள் தொடங்கிச் சில மாதம் ஆகியிருக்கும். விடுதியில் அறை சுத்தம் செய்கிற தோழி ஒருத்தி சலவையறைக்கு ஓடி வந்தாள். காலி செய்துவிட்டுப் போன யாரோ கட்டிலுக்கடியில் ஒரு புத்தகத்தை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கேட்டு யாரும் வரவில்லை.

“ஏய், எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருந்தியே, அந்தப் புஸ்தகம்தானே இது? படகும் ரெண்டு பொண்ணும் அட்டையில இருக்கு பாரு.”

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். மோட்டார் இல்லை. வாஷர் இல்லை. வரிவரியாக ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே எழுத்துக் கூட்டிப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. மகளின் குரலில் கேட்க வேண்டும் என்று மதியச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மகள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது வேற பதிப்பும்மா. பிழை இருக்கும்.” கடைசி அத்தியாயத்தை, அம்மா ஒரு காலரைத் தேய்த்து முடிப்பதற்குள், கண்ணாலேயே ஓட்டிவிட்டு மூடினாள். “ம்.”

“வந்தாளாடி?”

“அது ஒரு கேள்வியே இல்லம்மா.”

“எனக்கு அதுதானேடி கேள்வி. ஒரே ஒருதடவை படிச்சுக் காட்டு கண்ணு. கதவு சாத்தியிருக்கு, மேடம் ஒண்ணும் வர மாட்டாங்க.”

மகளுக்கு அம்மாமேல் பாசம் குறையவில்லை. அதை யாரும் சொல்ல முடியாது. பழையபடி தரையில் உட்கார்ந்தாள். அம்மா சந்தோஷத்தில் ஒரு புதுச் சட்டையை விரித்தாள்.

“‘கதவைத் திறந்தாள். வாசலில் நின்றது…’ இந்த இடத்துல எழுத்தாளர் தயங்கறார், கவனி.”

“சரி, படி.”

“‘…நின்றது ஒரு பெண்.’ இது ரொம்பப் பலவீனம்மா. எல்லாரும் எதிர்பாக்கறதையே கொண்டுவந்து நிறுத்திட்டார். மோட்டார்ல இருந்த இறுக்கம் இதுல சுத்தமா இல்ல.” கை தானாக நீலப் பென்சிலைத் தேடியது.

“சும்மா படியேன்டி. முன்னெல்லாம் படிப்பியே, அப்படி.”

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். ஒரு வரி, இரண்டு வரி. விடுதி நடையில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு அறிவிப்பை யாரோ படிக்கிற மாதிரி இருந்தது. அவளுக்கே அது கேட்டது. நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி நிறுத்தினாள்.

“வரலம்மா” என்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. “எப்படிப் படிப்பேன்னே ஞாபகம் இல்ல.”

“பரவால்ல கண்ணு. விடு. நீ போய் உன் வேலையைப் பாரு.”

மகள் எழுந்து உள்ளே போனாள். அம்மா இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, விளக்கடியில் உட்கார்ந்து, விரலை வரியின் கீழே வைத்துக் கூட்டத் தொடங்கினாள். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, மூன்று தடவை படித்தாள். தேய்க்காத துணி குவிந்து கிடந்தது. அப்பா வந்து, பார்த்துவிட்டு, தானே சோறு போட்டுக்கொண்டார்.

வாசலில் நின்றது அக்காதான். வைத்தியர் புயலுக்குப் பயந்து வர மறுத்துவிட்டார். மருந்தை வாங்கி, முந்தானையில் முடிந்து, முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு நீந்தி வந்திருக்கிறாள். படகு போய்விட்டது. இத்தனை வருடம் பேசாதிருந்தவள், முடிச்சை எடுத்த பிறகு தங்கையிடம் சொன்ன முதல் வார்த்தை, “கதவைத் திறக்க இவ்வளவு நேரமா?”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் கொட்டியது. அம்மாடி, என்ன பொம்பளை! நீந்தி வந்திருக்கிறாள்! அவள் நினைத்துப் பார்த்ததில் ஒருநாள்கூட இது வரவில்லை. நெஞ்சு கொள்ளவில்லை, யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

“ஏய், வந்துட்டாடி!” என்று கூவினாள். “நீந்தியே வந்துட்டா!”

“தெரியும்மா” என்றாள் மகள் உள்ளேயிருந்து. “கொஞ்சம் மெதுவா. நாளைக்கு எனக்கு வாஷர் பரீட்சை.”